முதல் ஷிஃப்டில் வந்த பதினொரு பேர் தொடர்பாக மருத்துவமனை மக்கள் தொடர்பு அலுவலர் அளித்த வாக்குமூலம்

நகரக் காவல் நிலையத்தில் இம்மாதம் 14ஆம் தேதி காலை 10.20 மணிக்கு உதவி ஆய்வாளர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. சாட்சியின் பெயரும் கதவு எண்ணும் முகப்புத் தாளில் தனியே உள்ளன. பெண். வயது 34. கல்வி: இதழியல் பட்டம். தொழில்: தனியார் மருத்துவமனை ஒன்றில் மக்கள் தொடர்பு அலுவலர். நோயாளிகளின் பெயர்களைச் சொல்ல மாட்டேன், அவரவர் தொழிலைக் கொண்டே குறிப்பிடுவேன் என்று சாட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் அவ்வாறே எழுதப்பட்டது.

நான் முகப்புத் தாளில் கண்ட முகவரியில் என் கணவர், ஏழு வயது மகள், மாமனார் ஆகியோருடன் வசித்து வருகிறேன். கணவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மாமனார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பட்டம் வாங்கிய கையோடு ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதன் பிறகு அந்த நாளிதழ் எங்கள் நகரப் பதிப்பை நிறுத்திவிட்டபடியால் வேலை போயிற்று. அதன் பிறகு இந்த மருத்துவமனையில் மக்கள் தொடர்புக்கு ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, சேர்ந்து, எட்டு ஆண்டுகள் ஆகின்றன. என்னோடு நிருபராக இருந்த ஒருவர், தொண்டை எப்போதும் கட்டியே இருப்பதால் நாங்கள் கரகரப்பு என்று கூப்பிடுபவர், நான் சேர்ந்த செய்தி கேட்டு, "கேள்வி கேக்குற பக்கத்துல இருந்து பதில் மழுப்புற பக்கத்துக்குப் போயிட்டியா?" என்று சிரித்தார். அவர் இப்போது உள்ளூர் வானொலியில் செய்தி வாசிக்கிறார். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்கலாம். நேயர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

என் வேலை என்ன என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதுவது, புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, புதிய கருவி வந்தால் அதன் பக்கத்தில் மருத்துவர்களை நிற்கவைத்துப் படம் எடுப்பது, எந்த வார்டு எந்தப் பக்கம் என்று பலகை வைப்பது, மாதம் ஒரு முறை செய்தி மடல் போடுவது. என் மாமனார் அக்கம்பக்கத்தில் "மருமக ஆஸ்பத்திரியில இருக்கா" என்று மட்டும் சொல்லிவைத்திருப்பதால், வயிற்று வலிக்கு மாத்திரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்ததும் உண்டு.

இந்த எட்டு ஆண்டுகளில் நான் எழுதியது அனைத்தும் சரி என்று சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவமனை மின்தூக்கி பாதியில் நின்று ஆறு பேர் ஐம்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டபோது, "சிறு தாமதம்" என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த ஆறு பேரில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி. அவர் மறுநாள் என் அறைக்கு வந்து, அறிக்கை வந்த பேப்பரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இது இந்த வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்று சொன்னதால் எழுதிக்கொண்டார்.

எங்கள் செய்தி மடலில் கடைசிப் பக்கத்தில் நோயாளி ஒருவரைப் பற்றி, அவர் சம்மதத்தோடு, நான் எழுதி வருகிறேன். பெரும்பாலும் டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர்களைப் பற்றித்தான். அவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருப்பவர்கள். பேச நேரம் இருப்பவர்கள். ஒரு கையில் ஊசி இருக்கும், மறு கையால்தான் புரட்ட வேண்டும் என்பதற்காக மடலை ஆறு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். நிர்வாக மேலாளர் ஒரு முறை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தையல்காரம்மா என்ன சாப்பிடுறாங்கன்னு யாரும்மா படிப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. மொத்தம் முந்நூறு பிரதிதான் போட்டோம்.

சென்ற மாதம் 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை நான் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். டயாலிசிஸ் பிரிவில் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும். அன்று முதல் ஷிஃப்டில் பதினொரு பேர் வந்து, முடித்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு பத்தரை மணிக்கு இரண்டாவது ஷிஃப்டில் ஒன்பது பேருக்கு இயந்திரம் போட்டார்கள். பதினொரு மணி வாக்கில் அவர்களில் மூன்று பேருக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு வாங்கியது. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குழாயில் ஓடிய இரத்தத்தின் நிறம் மாறியது. டயாலிசிஸ் டெக்னீஷியன் யாரையும் கேட்காமல் ஒன்பது இயந்திரங்களையும் உடனே நிறுத்திவிட்டார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டால் சொல்வார்.

அப்போது நான் என் அறையில் இருந்தேன். பதினொன்றரைக்கு நிர்வாக மேலாளர் என்னைக் கூப்பிட்டார். போனேன். அவர் நின்றுகொண்டே பேசினார். "ரெண்டாவது ஷிஃப்ட் மெஷின் பழுது, தள்ளி வச்சிருக்கோம். நாலு வரிக்கு மேல வேணாம்" என்றார். என்ன பழுது என்று கேட்டேன். தண்ணீரில் ஏதோ கோளாறு என்றார். காலையில் வந்த பதினொரு பேருக்கும் அதே தண்ணீர்தானே போயிருக்கும், அவர்களைக் கூப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். அதற்கு அவர், "நல்லாத்தானே எந்திரிச்சுப் போனாங்க? இப்ப போன் போட்டு வான்னா பயத்துலயே பாதி உசுரு போயிடும். சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார். அதன் பிறகு ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்து, நடையை மட்டும் சரிபார்த்து என் பெயரில் வெளியிடச் சொன்னார். அதில் கடைசி வரியாக, பணியாளர் ஒருவரின் கவனக்குறைவு குறித்து விசாரணை நடைபெறுகிறது என்று இருந்தது. அந்தத் தாளை அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

நான் பிரிவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்றேன். "அங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். பழக்கம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிருபராக இருந்தபோது, போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எங்கள் செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பிரிவுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. ஒன்பது பேரில் ஆறு பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மீதி மூன்று பேர் கட்டிலிலேயே இருந்தார்கள். சிறுநீரக மருத்துவர் அவர்கள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் தண்ணீர்ச் சுத்திகரிப்பு அறை வாசலில், இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. டயாலிசிஸில் அது இரத்தத்தோடு நேராகச் சேர்ந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் ஒரு கரி வடிகட்டி வழியாகத் தண்ணீரை அனுப்பி, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் ஒரு சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். அன்று காலை ஐந்தரைக்கு அவர் பார்த்தபோது சரியாக இருந்தது. பத்தேகாலுக்குப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "பட்டை இல்ல மேடம். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் தருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார். அன்று காலை நகரக் குடிநீரில் குளோரின் அதிகமாகக் கலந்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது.

அதன் பிறகு அவர் தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஆறு நாட்களுக்கு முந்தைய தேதியில் அவர் கையெழுத்தில், கரி வடிகட்டி மாற்ற வேண்டும், பட்டைகள் தீர்கின்றன, அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தேன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில், பெற்றுக்கொண்டதாக மேலாளர் அலுவலகத்தின் சுருக்கொப்பம் இருந்தது. அந்தப் பக்கத்தை என் கைப்பேசியில் 12.04 மணிக்குப் படம் எடுத்தேன். அதோடு அந்த வரிகளை என் குறிப்பேட்டில் எழுதி, அங்கிருந்த தலைமை நர்ஸைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர், "இது எதுக்கு?" என்று கேட்டார். தெரியாது சிஸ்டர், போடுங்க என்றேன். போட்டார். இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டில் அந்தப் பக்கம் இல்லை என்று கேள்விப்பட்டேன். யார் கிழித்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். கைப்பேசியும் குறிப்பேடும் அதிகாரியிடம் உள்ளன.

அதன் பிறகு நான் சிறுநீரக மருத்துவரிடம் போய், காலை ஷிஃப்டில் வந்தவர்களுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். "கடைசி ஒரு மணி நேரமாவது அவங்களுக்கும் போயிருக்கும். ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே போகும், வெளிய தெரியாது, திடீர்னு இதயம் நிக்கும். எல்லாரையும் உடனே வரச் சொல்லணும்னு நான் பதினொன்றரைக்கே ஆபீஸ்ல சொல்லிட்டேனே!" என்றார். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. "நீங்க கூப்பிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் பேரப் போட்டே சொல்லுங்க" என்றார்.

தலைமை மருத்துவர் அன்று வெளியூர்க் கருத்தரங்கு முடித்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு அழைத்தேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு நானும் தலைமை நர்ஸும் பிரிவின் தொலைபேசியிலும் என் கைப்பேசியிலும் மாற்றி மாற்றி அழைத்தோம். ஒரு மணிக்குள் எட்டு பேர் கிடைத்துவிட்டார்கள். பயந்து சாவார்கள் என்று மேலாளர் சொன்னாரல்லவா, ஒருவரும் அப்படிப் பயப்படவில்லை. ஒருவர், "இப்பத்தானே வந்தேன், மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டார். இன்னொருவர், காலையில் இருந்தே தலை சுற்றுகிறது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் படுத்திருந்ததாகச் சொல்லி, போனில் அழுதார். நான்கு பேருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பினோம். நான்கு பேர் சொந்தமாக வந்தார்கள்.

மூன்று பேர் கிடைக்கவில்லை. ஒருவர் தையல்காரம்மா. ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்து ஓய்வு பெற்று, தனியாக வசிப்பவர். இன்னொருவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். நான் என் அறைக்கு ஓடி, செய்தி மடலுக்காக அவர்களிடம் பேசியபோது எடுத்த குறிப்புகளைப் புரட்டினேன். தையல்காரம்மா தையல் இயந்திரம் ஓடும்போது போன் மணி கேட்காது என்று சொன்னது அதில் இருந்தது. அவர் கடைக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கடை இருப்பதும் இருந்தது. கண்ணாடிக் கடை எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். கடைக்காரர் படியேறிப் போய் போனை அவர் காதிலேயே வைத்தார். "ஒரு ரவிக்கைதான் பாக்கி, முடிச்சிட்டு வரட்டுமா?" என்று தையல்காரம்மா கேட்டார். அப்படியே வாங்கம்மா, ஊசியை நூலோட விட்டுட்டு வாங்க என்றேன். பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

பிழை திருத்துநர் மதியம் பொது நூலகத்துக்குப் போய், காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படிப்பவர். அதுவும் குறிப்பில் இருந்தது. நூலகத்துக்கு அழைத்தேன். நூலகர், ஐயா மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று கேட்டார். எழுப்புங்கள் என்றேன். சிறிது நேரம் கழித்து, எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றார். ஆம்புலன்ஸ் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவரைக் கொண்டுவந்தபோது மணி 1.35. மருத்துவர் நாடி பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

பெயிண்டர் மட்டும் பாக்கி. அவர் கொடுத்திருந்த எண் உபயோகத்தில் இல்லை. வீடு மாறியிருந்தார். அவர் எந்த ஊரில் எந்தக் கடைக்குப் பலகை எழுதப் போவார் என்பது யாருக்கும் தெரியாது. அப்போதுதான் நான் வானொலி நிலையத்துக்கு அழைத்துக் கரகரப்பிடம் பேசினேன். பெயர் சொல்லாமல், இன்று காலை எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் எங்கே இருந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும், தண்ணீரில் கோளாறு இருந்தது, வந்தால் சரிசெய்துவிடலாம் என்று மூன்று வரி சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "இது உங்க நிர்வாகம் சொல்றதா, நீ சொல்றதா?" என்று கேட்டார். டாக்டர் சொல்லி நான் சொல்றேன், நிர்வாகம் சொல்லல என்றேன். "வேலை போயிடும்" என்றார். முதல்ல வாசி என்றேன். அவர் இரண்டு மணிச் செய்திக்குக் காத்திருக்காமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு 1.48க்கு வாசித்தார். அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசித்தார்.

2.25 மணிக்கு எங்கள் மருத்துவமனை வாசலில், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பயணிகள் பேருந்து வந்து நின்றது. காவலாளி ஓடிப் போய், "இங்க பஸ் நிக்கக் கூடாது, எடுங்க, எடுங்க" என்று கத்தினார். ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஆள எறக்கிட்டு எடுக்கறேன்யா, ஸ்ட்ரெச்சரக் கொண்டா" என்று பதிலுக்குக் கத்தினார். பெயிண்டர் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பேருந்தில் இருந்திருக்கிறார். வண்டியில் வானொலி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அரைத் தூக்கத்தில் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, அவர் கையில் ஊசி குத்திய இடத்தில் போட்டிருந்த புதுத் துணிக் கட்டைப் பார்த்துவிட்டு உலுக்கி எழுப்பி, "இது நீங்கதானா, நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிட்டார். உள்ளே முப்பதுக்கும் மேல் பயணிகள் இருந்தார்கள். பெயிண்டரை உள்ளே கொண்டுபோன பிறகும் அவர்கள் கிளம்பவில்லை. ஒரு பெரியவர் இறங்கி வந்து என்னிடம், "தேறிடுவாராம்மா? அதச் சொல்லுங்க, போறோம்" என்றார். நான் உள்ளே போய்க் கேட்டு வந்து, தேறிடுவார் என்று சொன்னேன். வண்டிக்குள் கை தட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் ஒலியெழுப்பியதால் பேருந்து கிளம்பியது. அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு நான் வாசல் படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேலாளர், அனுமதியின்றி வெளியாருக்குத் தகவல் கொடுத்ததற்காக என்னைப் பணியிடை நீக்கம் செய்வதாகக் கடிதம் கொடுத்தார். மறுநாள் டெக்னீஷியனையும் வேலையில் இருந்து நிறுத்தி, அவர் மேல் கவனக்குறைவு என்று இந்த நிலையத்தில் புகார் கொடுத்ததாகவும் அறிந்தேன். மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் மகள் குறைமாதத்தில் பிறந்தபோது, நான் கேட்காமலேயே இரண்டு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னவர் அவர்தான். அன்று அவர் பயந்துவிட்டார். பயத்தில் பழியை அடுத்தவர் தலையில் போட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனேன். கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். மகள், "அம்மாவுக்கு எத்தனை நாள் லீவு?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். மாமனார் வானொலியில் முழுவதும் கேட்டிருக்கிறார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அதன் பிறகு, "இத்தனை வருஷமா நீ அங்க என்னதான் வேலை பாக்குறேன்னு எனக்கு வெளங்காமத்தான் இருந்துச்சும்மா. இன்னைக்கு வெளங்கிருச்சு" என்றார். மறுநாள் தெருவில் ஒருவரிடம் அவர், "மருமக டாக்டர் இல்லைங்க, அதுக்கும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அது உண்மையில்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒன்பது நாள் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் கரகரப்பு வீட்டுக்கு வந்து, வானொலியில் செய்திப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வா என்றார். உண்மையைச் சொன்னால் ஆசையாக இருந்தது. ஒரு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். டெக்னீஷியனோட விஷயம் பாதியில நிக்குது, அத விட்டுட்டு வந்தா தூக்கம் வராது என்றேன். "அப்ப முடிச்சிட்டு வா" என்றார். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் நாள் தலைமை மருத்துவர் என்னையும் டெக்னீஷியனையும் சிறுநீரக மருத்துவரையும் அழைத்தார். நிர்வாகக் குழுவினர் நான்கு பேர் இருந்தார்கள். மேலாளரும் இருந்தார். தலைமை மருத்துவர் என்னைப் பார்த்து, "இவ்வளவு பெரிய விஷயத்த என்கிட்ட கேட்டிருக்கணும் இல்லையா?" என்றார். ஆறு தடவை போன் பண்ணினேன் டாக்டர், நீங்க விமானத்துல இருந்தீங்க என்றேன். அவர் தன் கைப்பேசியை எடுத்து, திரையைக் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏழு" என்றார். அதன் பிறகு நான் எடுத்த படத்தைக் குழுவினருக்குக் காட்டினேன். தலைமை நர்ஸ் கையெழுத்தைக் காட்டினேன். மேலாளர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அந்தக் கடுதாசி என் மேசைக்கு வந்தது உண்மைதான். அப்புறம் பாக்கலாம்னு வச்சேன்" என்றார். டெக்னீஷியன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலாளரை அன்றே பொறுப்பில் இருந்து விடுவித்தார்கள். எங்கள் இருவரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை தலைமை மருத்துவர் என்னை ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். எத்தனை வரி டாக்டர் என்று கேட்டேன். "எவ்வளவு உண்மையோ அவ்வளவு" என்றார். வடிகட்டி மாற்றவில்லை, சோதனை செய்யப் பட்டை கொடுக்கவில்லை, நோயாளிகளைத் திரும்ப அழைப்பதில் ஒரு மணி நேரம் வீணானது, தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். வக்கீல் ஒருவர் இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். தலைமை மருத்துவர் எடுக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அது வெளியான பிறகு புதிய நோயாளிகள் வரமாட்டார்கள் என்று குழுவில் பயந்தார்கள். இரண்டு வாரம் வருகை குறைந்தது உண்மை. அதன் பிறகு பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அன்றைய இருபது பேரின் நிலை என்ன என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். பெயிண்டருக்கும் வேறு இருவருக்கும் இரத்தம் ஏற்றினார்கள். பிழை திருத்துநர் நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். இருபது பேரும் பிழைத்து வீடு திரும்பிவிட்டார்கள்.

இருபத்திரண்டாம் நாள், சென்ற மாதம் 27ஆம் தேதி, புது வடிகட்டியோடு பிரிவை மறுபடியும் திறந்தோம். இடைப்பட்ட நாட்களில் நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு எங்கள் வண்டியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். விருப்பமிருந்தால் அங்கேயே தொடரலாம் என்று எழுதியும் கொடுத்திருந்தோம். அதனால் அன்று எத்தனை பேர் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். பதினொரு பேரும் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் கட்டிலில் ஏறவில்லை. வரிசையாக நின்றார்கள். டெக்னீஷியன் அவர்கள் முன்னால் குழாயைத் திறந்து, பட்டையை நனைத்து, நிற அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு முறை செருமிவிட்டு, "குளோரின் இல்லை" என்றார். எல்லோரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த அரை நிமிடம் மிக நீளமாக இருந்தது.

அதன் பிறகு தையல்காரம்மா முதல் கட்டிலில் ஏறிப் படுத்து, டெக்னீஷியனைப் பார்த்து, "வாப்பா, ஆரம்பி" என்று கையை நீட்டினார்.

அதன் பிறகு மற்ற பத்துப் பேரும் அவரவர் கட்டிலுக்குப் போனார்கள்.

நான் நேரில் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டும் சொல்லியிருக்கிறேன். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லியிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எழுதியதை நானே வாங்கி முழுவதும் படித்தேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்